பெருவிரல் பள்ளம் காணாமல் போனது குறித்து அண்ணனுக்கு

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தம்பி மனைவி சுகம். என்னைப் பற்றி அப்படி எழுத மனம் இடங்கொடுக்கவில்லை. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அப்பாவின் தூண்டில் கம்பை மாற்றிவிட்டார்கள்.

அடுத்த மாதம் வரும்போது இருவரும் ஏரிக்குப் போய் அந்தக் கம்பில் மீன் பிடிக்கலாம் என்று சொன்னீர்கள் அல்லவா? எடுத்துப் பார்த்தேன். தக்கைப் பிடி கறுத்துப்போய், எலி கொறித்தது போலக் குழி குழியாக இருந்தது. பிடியின் அடிப்பக்கத்துத் தக்கை வளையங்கள் இரண்டும் தொட்டாலே உதிர்ந்தன. பழுதுபார்க்கக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. "என்ன வேணா செய்யி, அப்பா பெருவிரல் பதிஞ்ச பள்ளத்த மட்டும் யாரும் தொடக் கூடாது" என்று போனில் சொன்னீர்கள். முப்பது வருடம் அழுத்திப் பிடித்து அவர் உண்டாக்கிய பள்ளம். இடது கையால் அவர் கம்பை வீசும்போதெல்லாம் பின்னால் நாம் இரண்டு பேரும் குனிந்துகொள்வோமே, நினைவிருக்கிறதா?

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கும் சாவி செய்பவருக்கும் நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் தூண்டில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். பார்த்தவுடனே எனக்குப் பிடிக்கவில்லை. அத்தனை மரியாதை. "உக்காருங்க சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். மனதில் ஒன்றும் இல்லாதவர் முன்பின் தெரியாதவனுக்கு எதற்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும்? அதனால் பள்ளத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சொன்னால் வேறொரு கம்பில் அதே மாதிரி தோண்டிக் கொடுத்துவிட்டு அப்பாவின் கம்பை அமுக்கிவிடுவாரே! அவர் ரசீது எழுதக் குனிந்த நேரத்தில் பிடியின் அடிவளையத்தில் பேனாவால் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டுவைத்தேன். என்னிடமா நடக்கும்?

நான்கு நாள் அவர் கடை ஸ்டூலில் காவல் இருந்தேன் அண்ணா. சோப்புத் தண்ணீர் தொட்டு அழுக்கைத் தேய்த்து எடுத்தார். உதிர்ந்த வளையங்களை அறுத்துப் போட்டுவிட்டுப் புதியவை ஒட்டினார். ஒரு டப்பாவிலிருந்து பழுப்பாக ஏதோ தூளை எடுத்துப் பசையில் குழைத்துக் குழிகளில் அப்பினார். அது என்ன தூள் என்று கேட்டேன். "தக்கைத் தூள்தான் சார். ஒயின் பாட்டில் மூடிய அரத்துல ராவி எடுக்கறது" என்றார், கொஞ்சமும் கூசாமல். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவர் நம் அப்பா. அவர் கம்புக்கு இந்த வயதில் அந்தப் பழக்கம்! நாலாம் நாள் மத்தியானம் வீட்டில் குழாய் உடைந்துவிட்டது என்று அழைப்பு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினால், உப்புத்தாள் போட்டு எண்ணெயும் பூசிக் கம்பு தயாராக நிற்கிறது. எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடந்திருக்கிறது.

நட்சத்திரம் இல்லை! எங்கே என்று கேட்டேன். "அடி வளையம் ரெண்டையும் உங்க முன்னாடிதானே சார் அறுத்துப் போட்டேன்?" என்கிறார். எவ்வளவு சாமர்த்தியமான பதில், பாருங்கள். கம்பைப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரல் படும் இடம் வழுவழுவென்று இருந்தது. பள்ளம் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது அண்ணா. அதை விட்டால் அப்பாவின் கை நமக்கு வேறு எங்கே இருக்கிறது? அது போதாதென்று வேலையும் அரைகுறை. மற்றக் குழிகளையெல்லாம் அடைத்தவர், என் உள்ளங்கை உரசும் பக்கத்தில் நீளமாக ஒன்றை அப்படியே விட்டிருந்தார். தெருவுக்கே கேட்கும்படி "திருடன்" என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். "ஒரு தடவ இடது கையால பிடிச்சுப் பாருங்க சார்" என்றார். என் இடது கையில் ரசீது இருந்தது. அதைக் கீழே வைக்கவைத்து லவட்டப் பார்க்கிறார்! நானா ஏமாறுவேன்? கம்பும் ரசீதுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

உங்கள் தம்பி மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரு ஏமாத்தலேன்னாத்தான் உங்களுக்கு ஏமாத்தமா இருக்கும் போல" என்கிறாள். அவளுக்கும் அந்தக் கடைக்காரர் தண்ணீர் கொடுத்திருப்பாரோ என்னவோ. அப்பா கம்போடு நிற்கும் பழைய போட்டோவை மறக்காமல் எடுத்து வாருங்கள். காவல் நிலையத்தில் காட்ட வேண்டும். அதுவரை இந்தப் போலிக் கம்பை நான் தொடுவதாக இல்லை. மேசைமேல் கிடக்கட்டும்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் என்னைப் போல் விழிப்போடு வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
வயிற்றெரிச்சலுடன்,
தம்பி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபால்தலை ஒட்டும்போது கம்பு குறுக்கே கிடந்தது. வலது கையில் உறை இருந்ததால் இடது கையால் அதை நகர்த்தினேன். அரைகுறை வேலை என்று மேலே எழுதினேனே, அந்தக் குழிக்குள் என் பெருவிரல் போய் உட்கார்ந்துகொண்டது. அது அப்பாவின் பள்ளம் அண்ணா. நான் ஒரு வார்த்தை சொல்லாமலே அந்த மனிதர் அதை மட்டும் விட்டுவைத்துச் சுற்றிலும் வேலை செய்திருக்கிறார். உப்புத்தாள்கூட அதில் படவில்லை. போட்டோ வேண்டாம். காவல் நிலையமும் வேண்டாம். காலையில் முதல் வேலையாகப் போய், தெருவுக்கே கேட்கும்படி மன்னிப்புக் கேட்கப் போகிறேன். தண்ணீர் கொடுத்தால் குடிக்கவும் போகிறேன். நான் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் லேசாக ஒரு சந்தேகம். அதையும் கேட்டுவிட வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாள் நழுவிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டிய இடது கை கம்பை விட மாட்டேன் என்கிறது.