சாய்தளத்துக்கு ஒரு ஃபிட் சாம்பிள்

"ஏறுனதைக் காட்டிலும் இறங்குனது சுருக்காப் போச்சுங்க சார்," என்றாள் தமிழ்மதி, சக்கர நாற்காலியில் அலுங்காமல் அமர்ந்தபடி. பின்னால் தாங்கிப் பிடிக்கப் போன பேராசிரியர் பிரபாகர்தான் செம்பருத்திச் செடிக்குள் கிடந்தார்.

பல்லடம் சாலையில் இருந்த அந்தப் பின்னலாடைக் கல்லூரியில் தையல் ஆய்வகத்துக்கு ஏழெட்டுப் படி ஏற வேண்டும். தமிழ்மதியை நான்கு தோழிகள் நாற்காலியோடு தூக்கிப் போவார்கள். "சப்பரத்துல வெச்ச சாமியாட்டம் இருக்குதுங்க. ஒருநாளாவது நானே போகோணும்," என்று அவள் ஒருமுறை சொன்னது பிரபாகருக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. அதற்குள் சாய்தளம் போட்டே தீருவதென்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்.

"நாமளா ஒண்ணைக் கட்டிக் குடுக்கக் கூடாதுங்க. பயன்படுத்தறவங்களையே கூட வெச்சுத்தான் வடிவமைக்கோணும்," என்று தாளாளர் ஈஸ்வரமூர்த்தியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

தாளாளர் பனியன் கம்பெனி முதலாளி. "இதென்னங்க புதுசாச் சொல்றீங்க? ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையரைக் கேக்காம நாங்க ஒரு பனியன் தெச்சிருக்கறமா? அளவு பொருந்துதான்னு பாக்க முதல்ல பிளைவுட்ல ஒரு ஃபிட் சாம்பிள் போடுங்க. புள்ள ஏறிப் பாத்துக் குறை சொல்லட்டும்," என்றவர், கம்பெனியின் சாம்பிள் பிரிவைக் கவனிக்கும் மயிலாளையும் துணைக்கு அனுப்பினார். பிரபாகருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த முதல் சாம்பிள்தான் செம்பருத்திச் செடியில் முடிந்தது. சரிவைக் குறைக்க நீளத்தைக் கூட்டினார். அது தாளாளரின் கார் நிற்கும் இடத்தில் மூக்கை நீட்டியது. நடுவில் மடக்கினார்.

"திருப்பத்துல சக்கரம் மாட்டிக்குதுங்க."

திருப்பத்தை அகலமாக்கினார். சுவரைத் தொட்டுக்கொண்டே வகுப்புக்குப் போகும் பார்வையற்ற மாணவன் நித்தீஷ் நேராக வந்து அதில் முட்டிக்கொண்டான்.

"என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க சார்," என்றான், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

அவனையும் கேட்டார்கள். கைப்பிடி வைக்கச் சொன்னான். வைத்ததும் அதில் தமிழ்மதியின் விரல்முட்டி உரசித் தோல் போனது.

"அப்ப அதை வெளிப்பக்கம் தள்ளிக்கலாமுங்க அக்கா."

"தள்ளிக்கலாம் நித்தீஷ். உன்ற காலுக்குத் தெரியறாப்புல ஓரத்துல சொரசொரன்னு ஒரு பட்டையும் ஒட்டிரலாம்."

இருவரும் அளவு சொல்ல, மயிலாள் டேப் பிடிக்க, பிரபாகர் சுத்தியலும் கையுமாக ஓடினார். யார் வாத்தியார், யார் மாணவர் என்றே பார்த்தவர்களுக்கு விளங்கவில்லை. அவருக்கும் அது ரொம்பப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை மாலை தமிழ்மதி ஒரே மூச்சில் மேலே போய், ஆய்வகக் கதவைத் தன் கையாலேயே திறந்தாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். 

"அளவெடுத்துத் தெச்சாப்புல இருக்குதுங்க சார்."

கூட்டம் கைதட்டியது. "மயிலா, அப்ரூவ்டுன்னு போட்டுக்க," என்றார் தாளாளர், வாயெல்லாம் பல்லாக.

திங்கட்கிழமை காலை பிரபாகர் புதுச் சட்டையும் கையில் மைசூர்பாகுமாக வந்தார். நான்கு தோழிகள் மூச்சு வாங்கத் தமிழ்மதியைப் படியில் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். சாய்தளம் எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. தலை முதல் கால் வரை பாலிதீன் சுற்றி, நூலில் அட்டை தொங்க, அங்கேயேதான் இருந்தது. முன்னால் மயிலாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைய இதுல ஏற விடலீங்களா?" என்று பதறினார் பிரபாகர்.

மயிலாள் எழுந்து இரண்டு கையையும் விரித்து அவரை மறித்தாள்.

"அப்ரூவ் ஆன சாம்பிளுங்க சார், சீல் வெச்சாச்சு, இனி ஆரும் தொடக் கூடாது, இதைப் பாத்து புரொடக்‌ஷன்ல வர்ற சாய்தளத்துலதான் ஏறோணும்."