வலக்கையால் நீட்டிய சாப்பாட்டுப் பை

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவனுக்கும் சைக்கிளைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சைக்கிளில் போனவன், பாரில் ஒருவனையும் கரியரில் இன்னொருவனையும் ஏற்றிக்கொண்டு எதிர்காற்றில் மிதித்தவன், இதற்குமேல் என்ன படிக்கவேண்டும்? அந்த நினைப்போடுதான் நான் எழுபதுகளின் நடுவில் ரொறன்ரோவில் ஒரு சைக்கிள் பந்தய அணிக்குள் நுழைந்தேன். ஒரு முழுப் பருவம் அவர்களோடு ஊர் ஊராகத் திரிந்தேன். பருவத்தின் கடைசிப் பந்தயத்தில், சைக்கிளில் ஏறாமலே, தரையில் நின்றபடியே ஒரு மனிதனைத் தோற்கடித்தேன்.

அணி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். சைக்கிள் ஓடியே சம்பளம் வாங்குபவர்களில் முதல்தரத்தார் ஐரோப்பாவில் இருந்தார்கள். எங்களுடையது இரண்டாந்தரம். (அதிலும் வகுப்பின் கடைசி வாங்கு.) ஒரு பழைய வான், நாலு ஓட்டக்காரர், ஹென்ட்ரிக் என்ற ஒல்லாந்து மனேஜர். அவ்வளவுதான்.

நான் ஓர் இத்தாலியக் குடும்பத்தின் வீட்டில் மேல்மாடி அறையொன்றில் குலம் அண்ணையோடு வாடகைக்கு இருந்தேன். குலம் அண்ணை என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கனடாவுக்கு என்னைவிட எட்டு மாதம் முந்தி வந்தவர். இந்த இரண்டாவது மூப்பைத்தான் அவர் அடிக்கடி நினைவூட்டுவார். வீட்டுக்காரரின் மகன் ரென்சோ அந்த அணியின் முதல் ஓட்டக்காரன். எனக்கு ஒழுங்காகச் செய்யத் தெரிந்த ஒரே பண்டம் எள்ளுருண்டை. ஒருநாள் நான் உருட்டி வைத்ததில் இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவன், அந்த வாரம் முதன்முறையாகப் பரிசு மேடை ஏறினான்; என் கைராசி என்று முடிவாயிற்று. அடுத்த சனிக்கிழமை வானின் சாவி என் கையில் இருந்தது.

என் வேலை வான் ஓட்டுவதும் சாப்பாடு கொடுப்பதும். பந்தயம் நாலைந்து மணித்தியாலம் நீளும். நடுவில் குறித்த ஓரிடத்தில் மட்டும்தான் சாப்பாடு கொடுக்கலாம். நீளப் பட்டி தைத்த துணிப்பையை நீட்டிக்கொண்டு வீதியோரம் நிற்கவேண்டும். ஓட்டக்காரன் வந்த வேகத்திலேயே அதைப் பறித்துக்கொண்டு போவான். பை தவறினால் கடைசி மைல்களில் வயிறு காய்ந்து கால் செத்துப்போகும். அந்தப் பருவத்தில் நான் ஒரு பையைக்கூடத் தவறவிடவில்லை. ‘உன் கை ஒரு கொழுக்கி’ என்று ஹென்ட்ரிக் சொல்ல, நான் அந்தக் கையைப் பஸ்ஸில்கூடப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

இப்படியே கடைசிப் பந்தயம் வந்தது. யூனியன்வில்லில் தொடங்கி, ஸ்ரௌவ்வில் வழியாகச் சுற்றி, மறுபடி யூனியன்வில்லில் முடிவது. (இன்றைக்கு எங்கள் ஆட்கள் வீடு வாங்கிக் குடியிருக்கும் இடமெல்லாம் அன்றைக்குச் சோளத் தோட்டம்.) புள்ளிக் கணக்கில் ரென்சோ முன்னால், செம்மஞ்சள் சட்டை அணியின் ஒருவன் மயிரிழையில் பின்னால். பருவத்தை வெல்பவனை இத்தாலியில் ஒரு முதல்தர அணி எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு முடிந்திருந்தது. ரென்சோவுக்கு இருபத்தேழு வயது. அடுத்த வருடம் யாரும் அவனைக் கேட்கப்போவதில்லை. அவனுடைய அப்பா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

குலம் அண்ணை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பந்தயம் பார்க்க வந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார்.

சாப்பாடு கொடுக்கும் இடம் ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பால் ஒரு வளைவு. போய் இறங்கினால் எல்லாம் மாறியிருந்தது. வழமையாக நாங்கள் நிற்கும் வலப்பக்க ஓரத்தைக் குழாய் புதைப்பதற்காகக் கிண்டிப் போட்டிருந்தார்கள். எல்லோரும் வீதியின் இடப்பக்கம் போய் நிற்கும்படி நடுவர் கையைக் காட்டினார். நின்று பார்த்தேன். வருகிறவர்களைப் பார்த்து நின்றால் வீதி என் இடக்கைப் பக்கம் இருந்தது.

மற்ற அணிக்காரர் பேசாமல் பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்கள். நானும் மாற்றினேன். மனம் ஒரு மாதிரித்தான் இருந்தது, ஆனாலும் மாற்றிவிட்டேன். இரண்டு தரம் நீட்டியும் பார்த்தேன்.

“என்ன தம்பி, உந்தக் கையாலையோ குடுக்கப் போறாய்?” என்றார் குலம் அண்ணை.

“வேறை வழியில்லை அண்ணை. ரோட்டு உந்தப் பக்கம்.”

“சாப்பாடல்லோ. உவன் உங்கை சீவன் போக மிதிச்சுக்கொண்டு வாறான். நீ பீச்சங்கையாலை நீட்டப் போறியோ? நல்ல காரியத்துக்குப் போற பொடியன்.”

ஏற்கெனவே ஒரு மாதிரி இருந்த மனதில் அவர் இதைப் போட்டுவிட்டார். என் அம்மா இடக்கையால் தண்ணீர்ச் செம்பைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை. அவனுடைய வாழ்க்கையே திரும்பப்போகும் நாளில் நான் இடக்கையால் கொடுத்து, ஏதாவது ஆகிவிட்டால்? கை வியர்த்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம், பந்தயத்துக்கு முன்னால் வரும் மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

“வலக்கையாலை எப்பிடி அண்ணை குடுக்கிறது?”

“மற்றப் பக்கம் திரும்பி நில்லன். வலக்கை ரோட்டுப் பக்கம் வந்திடும். ஆள் வரேக்கை நான் சொல்லுறன்.”

எட்டு மாத மூப்பு பேசியது. நான் திரும்பினேன். வருகிற கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வலக்கையைப் பின்பக்கமாக வீதிக்குள் நீட்டி, அதில் பையைத் தொங்கவிட்டு நின்றேன். எதிரே சோளத் தோட்டம் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பிற அணிக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

“சிவப்புச் சட்டை அண்ணை. சிவப்பு. முதல் ஆளா வருவான்.”

“எனக்குத் தெரியும். நீ ஆடாமல் நில்.”

சங்கிலிகளின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் பெருத்துக்கொண்டு வந்தது.  பஸ்ஸில் மடியில் வைத்துப் பத்திரப்படுத்திய கையை இன்னும் கொஞ்சம் வீதிக்குள் நீட்டினேன்.

“வாறான். வாறான். வந்திட்டான், பிடி.”

பை விரலிலிருந்து வெடுக்கென்று இழுபட்டுப் போனது. விட்டேன். உடம்பெல்லாம் குளிர்ந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போன முதுகு செம்மஞ்சளாக இருந்தது.

அவன் பின்சக்கரத்தை ஒட்டியபடி ரென்சோ வந்தான். இடக்கையை நீட்டிக்கொண்டே வந்தான். கை என் நெஞ்சுக்கு நேரே திறந்திருந்தது; அதில் வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. என்னை ஒருதரம் பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவனுக்கு என்ன நடந்ததென்றே விளங்கவில்லை. வெறுங்கையை மெதுவாக மடக்கிக்கொண்டு வளைவில் மறைந்தான். மற்ற மூன்று பைகளும் குலம் அண்ணையின் தோளில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

“அண்ணை, அது செம்மஞ்சள்.”

“புழுதிக்குள்ளை ஆர் கண்டது? செம்மஞ்சளும் ஒரு சிவப்புத்தானே.”

பின்னால் துரத்திப் போய்க் கொடுக்கலாமா என்றால், குறித்த இடத்துக்கு வெளியே வாங்கித் தின்றவனைப் பந்தயத்திலிருந்தே விலக்கிவிடுவார்கள். மற்ற மூன்று பேருக்கும் பைகளைக் கொடுத்து முடித்து (திரும்பி நின்றுதான், அதில் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது), யூனியன்வில்லை நோக்கி வானை விட்டேன். வழி முழுக்க நான் கடவுளோடு பேரம் பேசிக்கொண்டு போனேன். பக்கத்துச் சீற்றில் கறுக் முறுக்கென்று சத்தம். குலம் அண்ணை வானில் மிச்சமிருந்த எள்ளுருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முடிவுக் கோட்டில் ரென்சோவின் அப்பா கல்யாண வீட்டுக்கு உடுத்தியது போல் நின்றார். ஒலிபெருக்கிக்காரன் நிலவரம் சொல்லிக்கொண்டே இருந்தான். இருவரும் ஒன்றாக வருகிறார்கள். இன்னும் ஒன்றாகத்தான். கடைசி ஏற்றம் தொடங்கிவிட்டது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மைல் இருக்கும்போது ரென்சோவின் பெயர் நின்றுபோயிற்று. என் தோளிலிருந்து அவர் கையை எடுக்கும்வரை நான் அசையவில்லை.

செம்மஞ்சள்காரன் வென்றான். வந்து பையை ஒழுங்காக மடித்து என்னிடம் தந்து, பைக்குள் இருந்த எள்ளுருண்டைகளை எப்படிச் செய்வது என்று மரியாதையாகக் கேட்டான். ரென்சோ ஒன்பதாவதாக, வெளிறிப்போய் வந்து புல்லில் சரிந்தான். நான் ஓடிப்போய் ஓர் உருண்டையை நீட்டினேன். வலக்கையால்.

“ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய்?” என்று கேட்டான்.

சொன்னேன். எங்கள் வழக்கம், இடக்கை, சாப்பாடு, அம்மா, நல்ல காரியம் எல்லாம் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். சிரிக்கவில்லை. “சரி” என்று மட்டும் சொன்னான். இத்தாலிக்குச் செம்மஞ்சள்காரன் போனான். ரென்சோ அடுத்த வசந்தத்தில் அப்பாவோடு மேசன் வேலைக்குப் போகத் தொடங்கினான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் இரண்டுபேரும் அந்தக் குளிர்காலம் முழுக்கப் படியில் ஒருவரையொருவர் விலகி நடந்தோம். அவ்வளவு வெட்கத்தை நான் முன்னும் பின்னும் பட்டதில்லை.

இப்போது எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்த்து முழிப்பார்கள். உப்பு வேண்டுமென்றால் என் பிள்ளைகள் கேட்பதில்லை. கதிரையில் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி, கையைப் பின்னுக்கு நீட்டுவார்கள். பேரப்பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். குலம் அண்ணை வந்தால் கதையையும் சொல்லுவார். அவருடைய கதை இப்படித்தான் முடியும்: “நான் அப்பவே சொன்னனான், இடக்கையாலை குடடா எண்டு. கேட்டாத்தானே.”

இதைத் தொடக்கிவைத்தவன் ரென்சோ. நாலு வருடம் கழித்து, ஒரு தேவாலய நிலக்கீழ் மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். அழைப்பை அனுப்பிவிட்டு, வரமாட்டான் என்றே நினைத்திருந்தேன். வந்தான். நானும் மனைவியும் மேசை மேசையாக இனிப்புக் கொடுத்துக்கொண்டு போனோம். அவன் மேசையை நெருங்கியதும் எனக்கு மறுபடி கை வியர்த்தது. அவன் எழுந்தான். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இடக்கையைப் பின்னால் நீட்டி விரித்தான். மண்டபம் முழுக்கப் பார்த்தது. அவனுடைய தோள்கள் குலுங்கின. சிரிக்கிறான் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தட்டை வலக்கைக்கு மாற்றினேன். ஓர் எள்ளுருண்டையை எடுத்து, அந்த உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை நானே மூடிவிட்டேன்.

“கலியாண வீட்டிலை இடக்கையாலையோடா குடுக்கிறாய்?” என்றார் முன்வரிசையிலிருந்த குலம் அண்ணை.

“ஓம் அண்ணை” என்றேன்.