ரிஜெக்ட் கஜபதி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மாமனாரிடம் ஃபெயில் ஆவதற்காக ஸ்ரீகாந்த் மனைவியோடு ஐயப்பன்தாங்கலிலிருந்து நூம்பலுக்கு வந்து சேர்ந்தான்.

வினை எல்லாம் ஒரு போட்டோவால் வந்தது. அந்தமானில், இருபது அடி ஆழத்தில், பயிற்சியாளரின் கையைக் கெட்டியாகப் பிடித்தபடி ஸ்ரீகாந்த் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் போட்டோ. ஸ்கூபா முக்குளிப்பவர்கள் பாஷையில் அதற்கு 'என்னை மேலே கூட்டிக்கொண்டு போ' என்று அர்த்தம். அன்று நாலு நிமிடத்தில் அதை ஒன்பது முறை காட்டினான். அவன் வாழ்க்கையில் கடலுக்குள் இறங்கியது அந்த ஒரு தடவைதான்.

ஆபீஸில் அந்தப் போட்டோவைப் பார்த்தவர்கள் அவனை வீரன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் பெரிய அதிகாரி வீடியோ காலில் வந்து, "இந்த வருஷம் டீம் அவுட்டிங் கடலுக்கு அடியில. தொண்ணூறு அடி ஆழம், மூழ்கிப்போன கப்பல், நல்ல நீரோட்டம். ஸ்ரீகாந்த் முன்னாடி போகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஆபத்து நேரத்தில் மற்றவர்களுக்குக் குலதெய்வம் ஞாபகம் வரும். ஸ்ரீகாந்துக்கு மாமனார் ஞாபகம் வந்தார்.

"என் மாமனார் டெஸ்ட் பண்ணி, சரின்னு எழுதிக் கொடுத்தாதான் சார் என்னால வர முடியும். எங்க வீட்ல அப்படி."

"அவர் எழுதிக் கொடுத்தா நாங்களும் ரெடி சார்" என்றாள் டீம் லீட் நிவேதிதா. அடுத்த நொடியே மீதிப் பத்துப் பேரும் கையைத் தூக்கினார்கள்.

மாமனார் கஜபதியை அந்த டீமில் யாரும் பார்த்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டின்போது ஸ்ரீகாந்த் நாலு வருஷமாகப் புலம்புவது அவரைப் பற்றித்தான். ஆவடி ராணுவ டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் தரப் பரிசோதகர். பட்டப்பெயர் ரிஜெக்ட் கஜபதி. ரிடையர் ஆன அன்று போட்ட மாலையைக்கூட, கட்டு தளர்வாக இருக்கிறது என்று கழற்றித் திருப்பிக் கொடுத்தவர். மகள் லாவண்யாவுக்கு வந்த ஆறு வரன்களைத் தள்ளிவிட்டு, ஏழாவதாக வந்த ஸ்ரீகாந்தை, "வேற ஸ்டாக் இல்ல" என்று ஏற்றுக்கொண்டவர்.

அப்படிப்பட்டவர் தன்னைப் பாஸ் பண்ண வாய்ப்பே இல்லை என்ற நிம்மதியில் ஸ்ரீகாந்த் எட்டு இட்லி சாப்பிட்டான்.

"குந்தினு இருந்தது போதும் மாப்ளே, எய்ந்து வாங்க" என்று கஜபதி நோட்டும் பேனாவுமாக நின்றார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு நீல டிரம் தளும்பத் தளும்பத் தண்ணீரோடு இருந்தது.

"தலைய உள்ள வுடுங்க. முப்பது செகண்டு தம் கட்டினா பாஸ்."

ஐந்தாவது செகண்டில் தலையை எடுத்துவிடுவது ஸ்ரீகாந்தின் திட்டம். தலை சுலபமாக உள்ளே போனது. திரும்பி வரும்போதுதான் டிரம்மின் குறுகலான வாயில் காது இரண்டும் மாட்டிக்கொண்டன. அவன் இரண்டு கையையும் ஆட்டினான்.

"பாரும்மா லாவண்யா" என்றார் கஜபதி. "எவ்ளோ நேரம் ஆச்சுன்னு கைய ஆட்டிக் கேக்கறாரு. இன்னா நிதானம் பாரு."

"அப்பா, அவர் மாட்டிக்கிட்டார்ப்பா" என்று லாவண்யா ஓடிவந்து கணவனின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். ஸ்ரீகாந்த் வெளியே வந்து புல்லில் விழுந்தான்.

"அம்பத்து மூணு" என்று கஜபதி நோட்டில் எழுதினார். "பாஸ்."

டீமின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் பதினோரு பேரும் 'என்ன ஆச்சு' என்று கேட்டிருந்தார்கள். நடந்ததை எழுதினான். 'இதெல்லாம் ஒரு டெஸ்டா சார், ரொம்ப ஈஸியா இருக்கே. நீரோட்டத்துக்கு டெஸ்ட் வைக்கச் சொல்லுங்க. நல்லா கஷ்டமா வைக்கச் சொல்லுங்க' என்று நிவேதிதா பதில் போட்டாள். அதற்குக் கீழே பத்துப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். எவ்வளவு ஆர்வம் பார் சண்டாளர்களுக்கு என்று ஸ்ரீகாந்த் பல்லைக் கடித்தான். ஆனாலும் கஷ்டமான டெஸ்ட் அவனுக்கும் நல்லதுதான். மாமனாரிடம் சொன்னான்.

பத்தரைக்குத் தண்ணி லாரி வந்தது. டிரைவர் முகமது ஆசிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"அண்ணாத்தே, ஊட்டு மாப்ளைய தண்ணியால அடிக்கச் சொல்றியே. பாக்கவே பாவமா கீது."

"கடலு பாவம் பாக்காது நைனா. தொறந்து வுடு."

முதல் சொட்டு பட்டதும் விழுந்துவிடுவது திட்டம். ஸ்ரீகாந்த் இரும்பு கேட்டுக்கு முன்னால் போய் நின்றான். தண்ணீர் நெஞ்சில் அடித்த வேகத்தில் பின்னால் சாய்ந்தவனின் சட்டைக் காலர் கேட்டின் கம்பி முனையில் மாட்டிக்கொண்டது. விழ வேண்டும் என்று முழு மனதோடு முயன்றான், முடியவில்லை. காயப்போட்ட போர்வையாகக் கேட்டில் தொங்கினான். தண்ணீர் நின்ற பிறகு காலர் கிழிந்து கீழே விழுந்தபோது கஜபதி பேனாவை மூடிவிட்டார்.

"ஒரு அடி நவுரல மாப்ளே. பாஸ்."

'நீரோட்டமும் பாஸ்' என்று குழுவில் எழுதினான் ஸ்ரீகாந்த். உடனே அவனுடைய பக்கத்து சீட்டு அபிஷேக், 'கப்பலுக்குள்ள கும்மிருட்டா இருக்கும் சார். அதை அவர் யோசிச்சாரா?' என்று கேட்டான்.

கஜபதி யோசித்தார். வாசலில் தரைக்கு அடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, இடுப்பளவு தண்ணீரில் மாப்பிள்ளையை இறக்கினார்.

"பத்து நிமிசம். நடுவுல கத்தினா ஃபெயில்."

இவ்வளவு சுலபமான வழியைக் கடவுளே காட்டியதாக ஸ்ரீகாந்த் நினைத்தான். மூடி சாத்தப்பட்டது. கத்துவதற்காக வாயை முழுசாகத் திறந்தான். அந்த நேரம் பார்த்து, ஜில்லென்று ஒரு தவளை அவன் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. பயத்தில் அவனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பத்து நிமிடமும் தவளைதான் கத்தியது.

மேலே ஏறி வந்ததும் அவன் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, உண்மையைச் சொல்லிடறேன். எனக்குப் பயமா இருக்கு. அந்தமான்லயே அழுதேன். கண்ணாடி மாட்டியிருந்ததால யாருக்கும் தெரியல. நான் இதுக்கெல்லாம் லாயக்கு இல்ல. தயவுசெஞ்சு ரிஜெக்ட் பண்ணிடுங்க."

கஜபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பத்து நாலு வருசமா இதைத்தான் மாப்ளே தேடினேன்" என்றார். "எங்கிட்ட கொறையே இல்லன்னு வர்றதுதான் வெடிக்கும். தன்னோட கொறைய தானே சொல்ற ஒரு பீஸை இன்னிக்குத்தான் பாக்கறேன். உங்கள நான் தப்பா எடை போட்டுட்டேன்."

உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். அதில் இரண்டு ரப்பர் ஸ்டாம்புகள் இருந்தன. ரிஜெக்ட் ஸ்டாம்பு எழுத்தே தெரியாமல் தேய்ந்திருந்தது. பாஸ் ஸ்டாம்பில் மை பட்ட அடையாளமே இல்லை. அதை எடுத்து இரண்டு முறை ஊதி, மையில் ஒற்றி, வெள்ளைத்தாளில் குத்தி, கீழே கையெழுத்துப் போட்டார்.

லாவண்யா அழுதாள். ஸ்ரீகாந்துக்கும் கண் கலங்கியது. இந்த மனிதரின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்காக நாலு வருஷமாக ஏங்கியிருக்கிறோம் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. இனி மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தொண்ணூறு அடி என்ன, தொள்ளாயிரம் அடியிலும் போய்ச் சேரலாம் என்று தோன்றியது.

தாளைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டான். பதினோரு பேரும் பார்த்துவிட்டதாகக் காட்டியது. ஐந்து நிமிடம் கழித்து அபிஷேக் போன் பண்ணினான்.

"நிவேதிதா மேடம் போன் பண்ணி அழுதாங்க சார்" என்றான். "எங்க பதினோரு பேர்ல ஒருத்தருக்குக்கூட நீச்சல் தெரியாது. ரிஜெக்ட் கஜபதி இருக்காருங்கற தைரியத்துலதானே சார் கையைத் தூக்கினோம்?"