ஆம்பூர் வரை போய் வந்த மெஷின்

எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. பிறந்த நாளிலிருந்து நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் அது நீடித்தது. அது முடிந்த விதத்தைத்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்லாவிட்டாலும் என் வீட்டுக்காரரோ, மகளோ, புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரரோ உங்களிடம் சொல்லியே தீருவார்கள். அவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

சங்கரன்கோவிலில் நான் தையல் டீச்சர். (ஊரில் பாதிப் பெண்களுக்குப் பெயர் கோமதி. ‘தையல் டீச்சர் கோமதி’ என்றால்தான் ஆட்டோக்காரருக்கே வீடு தெரியும்.) பதினெட்டு வருடங்களாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கக் கற்றுக்கொடுத்தவள். வீட்டுக்காரர் விசைத்தறிக்காரர். வீட்டை ஒட்டிய கூடத்தில் ஆறு தறிகள். தறி ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது, அதனால் தறிக்காரர்கள் கையால்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கமோ என்னவோ, அவர் வீட்டுக்குள்ளும் அதிகம் பேசமாட்டார். அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவதால் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை.

ஒருநாள் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை மண்டி முதலாளி வந்தார். அவர் மகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்த பழக்கம். புது மண்டி திறக்கப் போகிறாராம். வசூலுக்குப் போகும் ஆட்கள் தோளில் மாட்டிக்கொள்ள பதினெட்டுப் பைகள் வேண்டுமாம். “ரெக்சின் பையி ஆறு மாசத்துல பல்ல இளிச்சிருது டீச்சர். நல்ல தோல்ல வேணும். உங்களால முடியுமா?” என்று கேட்டார்.

முடியுமா என்று என்னிடம் யாராவது கேட்டால் முடியாது என்ற சொல் எனக்கு வாயில் வராது. “தோல் என்ன, துணி என்ன அண்ணாச்சி? ஊசி ஒண்ணுதான” என்றேன். திறப்பு விழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. மறுநாளே தையல் வகுப்பு போர்டைக் கழற்றிவிட்டு ‘கோமதி லெதர் ஒர்க்ஸ்’ என்று புது போர்டு மாட்டினேன். (மெஷின் இன்னும் வாங்கவில்லை. போர்டு வந்துவிட்டது.) அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னிடம் படித்த செல்வி என்ற பெண்ணைக் கூப்பிட்டு, “அடுத்த வாரத்துலேருந்து ஒனக்கு இங்கன வேலை” என்றும் சொல்லிவிட்டேன். அவள் என் பேச்சை நம்பி ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இந்த ஆர்டர் போனால் என் மானம் மட்டும் போகாது, அவள் பிழைப்பும் போகும்.

மெஷின் ஆம்பூரில் கிடைத்தது. மூடிப்போன ஒரு ஷூ பட்டறையின் பழைய மெஷின்களை அன்வர் பாய் என்ற மெக்கானிக் சரிபண்ணி விற்றுக்கொண்டிருந்தார். சாதாரண தையல் மெஷினில் அடியிலிருக்கும் பல் மட்டும்தான் துணியை நகர்த்தும். இதில் மேலே அழுத்தும் பாதமும் தோலோடு சேர்ந்து நடக்கிறது. மூன்று மடிப்புத் தோலைப் பாய் என் கண் முன்னால் தைத்துக் காட்டினார், சப்பாத்தி மாவில் கோடு போட்ட மாதிரி போனது. அவர் விளக்கம் சொல்லச் சொல்ல நான் “தெரியும் பாய், தெரியும் பாய்” என்று தலையாட்டினேன். பாதி புரியவில்லை.

மெஷின், மேசை, மோட்டார் மூன்றும் லாரியில் வந்து இறங்கின. அது மூணு பேஸ் கரண்டில் ஓடும் மோட்டார். வீட்டில் அந்த லைன் கிடையாது என்பதால் தறிக்கூடத்து மூலையில் இடம் பிடித்தேன். வயர்மேன் கனெக்‌ஷன் கொடுத்துவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். “ஓடுதுல்லா, போதும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்” என்று அனுப்பிவைத்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து மோட்டாரைக் குனிந்து பார்த்தார். அவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்:

“இந்தாருங்க, தறி வேற, தையல் மிசின் வேற. இதுல நீங்க கையும் வைக்கக் கூடாது, வாயும் தொறக்கக் கூடாது.”

அவர் சரி என்று தலையசைத்துவிட்டுத் தறிப் பக்கம் போய்விட்டார்.

தோலை வைத்தேன், பெடலை மிதித்தேன். தோல் முன்னே போகாமல் என் மடியை நோக்கி வந்தது. ஒரு தையல்கூட விழவில்லை. அடியில் நூல் கொத்தாகச் சிக்கி, ஊசி ஒடிந்து என் காதோரம் பறந்தது. நிமிர்ந்து பார்த்தால், ஆறு தறிகளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வீட்டுக்காரர் ஒற்றை விரலால் காற்றில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கேலி பண்ணுகிறாராக்கும் என்று எண்ணி ஒரு முறை முறைத்தேன். விரலை மடக்கிக்கொண்டார்.

அன்றைக்கே பாய்க்கு போன் போட்டு ஒரு பிடி பிடித்தேன். நல்ல மெஷினைக் காட்டிவிட்டு ஓட்டை மெஷினை ஏற்றி அனுப்பிவிட்டீர்கள் என்றேன். அவர் பொறுமையாக, “அக்கா, முதல்ல அந்த மோட்டாரைக் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார். “பதினெட்டு வருசமா மிசின் மேல உக்காந்து சோறு திங்கேன். எனக்கு மோட்டார் பாடம் எடுக்காதீங்க” என்று போனை வைத்தேன்.

பிறகு நானே நோய் கண்டுபிடித்தேன். தோல் பின்னால் வருகிறதென்றால் ரிவர்ஸ் லிவரின் ஸ்பிரிங் போயிருக்க வேண்டும். நூல் சிக்குகிறதென்றால் அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கி தேய்ந்திருக்க வேண்டும். இரண்டையும் வாங்க மதுரைக்குப் போனேன். பார்ட்ஸ் கடைக்காரர், “மாடல் நம்பர் என்னம்மா?” என்று கேட்டார். நான், “பச்சை கலர்ல இருக்கும், கழுத்து தடியா இருக்கும்” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய் நாலைந்து கொக்கிகளை எடுத்துப் பரப்பினார். காய்கறி பொறுக்குவதுபோல் பார்த்து, பளபளப்பாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். நுனி கத்திபோல் இருக்கும் தோல் ஊசியில் நாலு சைஸும் வாங்கினேன்.

கொக்கி பொருந்தவில்லை. பழையதைத் திரும்ப மாட்டினேன், அது முன்பிருந்த மாதிரி உட்காரவில்லை. ஸ்பிரிங் பொருந்தியது, பலன் இல்லை. மெஷினைப் பிரித்துப் பூட்டியதில் மூன்று ஸ்க்ரூ மீந்தது. செல்வி அவற்றைப் பத்திரமாக ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்தாள். தினமும் காலையில் வந்து, சாயங்காலம் வரை வேலையில்லாமல் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. மூன்று வாரம் போய்விட்டிருந்தது.

கடைசியில், மெஷினைத் திரும்ப ஆம்பூருக்கே தூக்கிக்கொண்டுபோய்ப் பாய் மூஞ்சியில் காட்டுவது என்று முடிவெடுத்தேன். மேசையும் மோட்டாரும் இங்கேயே இருக்கட்டும், மெஷின் மட்டும் போதும். அதுவே ஒரு மூட்டை சிமென்ட்டுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். பழைய சேலையில் சுற்றி, சாக்கில் கட்டி, வீட்டுக்காரர் தோளில் ஏற்றினேன். மூன்று பஸ் மாறினோம். ஒவ்வொரு பஸ்ஸிலும் கண்டக்டர், “உள்ள என்ன?” என்று சாக்கைத் தட்டிப் பார்த்து விரலை உதறிக்கொண்டார். மதுரை தாண்டியதும் வீட்டுக்காரர் லேசாகத் தொண்டையைச் செருமி, “ஏட்டி, அந்த மோட்டாரு...” என்றார். “மோட்டாரப் பத்திப் பேசினீங்கன்னா நான் இப்பமே எறங்கிருவேன்” என்றேன். அதன்பிறகு அவர் ஆம்பூர் வரை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

பாய் சாக்கைப் பிரித்து மெஷினைப் பார்த்ததும் முகம் வாடிப்போனார். “ஊசியும் கொக்கியும் சேர்ற நேரமே கலைஞ்சு கெடக்கே. யார் இதைக் கழட்டினது?”

“எங்க ஊர்ல ஒரு மெக்கானிக்” என்றேன்.

“அந்த ஆள் கையில இனிமே ஸ்க்ரூ டிரைவர் குடுக்காதீங்க அக்கா” என்றார் பாய். வீட்டுக்காரர் திரும்பிச் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

பாய் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சரிபண்ணி, தன் மேசையில் மாட்டித் தைத்தார். பழையபடி அதே அழகான தையல். நானே உட்கார்ந்து தைத்தேன். எனக்கும் தைத்தது. சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் ஊசி பொறுக்கப் போய்விட்டேன். வாசலில் பாயும் வீட்டுக்காரரும் டீ குடித்துக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நம்ம ஆள் இவ்வளவு பேசுகிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது.

மெஷின் மறுபடி மூன்று பஸ் மாறி ஊர் வந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மண்டி முதலாளி பையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வந்த பிறகே மாட்டி, அவர் கண்ணெதிரே முதல் தையல் போட்டு அசத்துவது என் திட்டம். செல்வி கற்பூரம் ஏற்றினாள். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தறிகளை நிறுத்திவிட்டு வீட்டுக்காரரும் வந்து நின்றார். நான் பெடலை மிதித்தேன்.

தோல் என் மடிக்கு வந்தது. நூல் கொத்தாகச் சிக்கியது. ஊசி ஒடிந்து முதலாளியின் சட்டைப் பையில் போய் விழுந்தது.

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டேன். முதலாளி சட்டைப் பையிலிருந்து ஊசியை மெதுவாக எடுத்தபடி என் வீட்டுக்காரரிடம், “என்ன அண்ணாச்சி, மிசின் பின்னால போவுது?” என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் முறையாக நான் அவரிடம், “உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்களேன்” என்றேன். பாதி அழுகையில்தான் சொன்னேன்.

அவர் மெயின் சுவிட்சை அணைத்தார். மோட்டார் பெட்டியைத் திறந்து, மூன்று வயர்களில் இரண்டை இடம் மாற்றி மாட்டினார். மூடினார். “இப்பம் மிதி” என்றார்.

மிதித்தேன். தைத்தது.

அவ்வளவுதான் விஷயம். மூணு பேஸ் மோட்டாரில் இரண்டு வயர் மாறிவிட்டால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். தறி ஓடும் எங்கள் ஊரில் புது மோட்டார் மாட்டினால் முதலில் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். சங்கரன்கோவிலில் இது தெரியாத ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. என் வகுப்பின் முதல் நாள் முதல் பாடமே சக்கரம் தைப்பவள் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதுதான். எதிர்ப்பக்கம் சுற்றவிட்டு நூலை அறுக்கும் பிள்ளைகளின் விரலில் ஸ்கேலால் தட்டுவேன். செல்விக்கும் தட்டியிருக்கிறேன். சக்கரத்தை பெல்ட் கவர் மறைத்திருந்தது என்று வேறு யாரிடமாவது சொல்லிப் பார்க்கலாம். பாதிச் சக்கரம் வெளியேதான் இருந்தது.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டேன்.

“மொத நாளே.”

“பாய்க்கு?”

“அவருக்கும் தெரியும். அங்கன டீ குடிக்கும்போது அதத்தான் பேசிக்கிட்டிருந்தோம்.”

“பிறகு எதுக்கு இதை ஆம்பூர் வரைக்கும் சொமந்துக்கிட்டு வந்தீங்க?”

“நீதான சொமக்கச் சொன்ன” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நான் சொல்லியிருந்தா நீ கேக்கவா செய்வ? மிசின் நல்லாத்தான் இருக்குன்னு ஒன் கண்ணால பாத்தாத்தான் ஒனக்கு மனசு ஆறும்னு தூக்கிட்டு வந்தேன்” என்றார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவர் தோளில் சாக்குக் கயிறு பதிந்த தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இந்த மனுசன் இத்தனை வருடமாக இன்னும் என்னென்ன தெரிந்துகொண்டு சும்மா இருந்தாரோ என்று பயமாகவும் இருந்தது.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆர்டரை மாற்றவில்லை. ஆனால் மீதமிருந்த நாளில் நானும் செல்வியும் சாப்பாட்டை மறந்து தைத்தும் பதினொரு பைதான் முடிந்தது. திறப்பு விழாவில் ஏழு பேர் ரெக்சின் பையோடு ஓரமாக நின்றார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் முதலாளி காரணத்தை விளக்கமாகச் சொன்னார். கதை எலுமிச்சையோடு சேர்ந்து தென்காசி வரைக்கும் லோடாகிப் போனது. செல்வி இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறாள். மோட்டார் சுவிட்ச் அவள் பொறுப்பு. என்னைத் தொடவிடுவதில்லை.

வீட்டில் நான் ஏதாவது ஒன்றில் பிடிவாதமாக நின்றால் மகள் இரண்டு விரலைக் காட்டி, “அம்மா, ரெண்டு வயரு” என்பாள். அதற்கு மேல் நான் வாதாடுவதில்லை. திருந்திவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

போன மாதம் திருவேங்கடத்தில் ஒரு கல்யாணம். ஸ்கூட்டரை நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். வழி எனக்குத் தெரியும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். போய்க்கொண்டே இருந்தோம். ரோடு ஒடுங்கி மண்பாதையானது, பிறகு அதுவும் முடிந்து கரிசல் காட்டுக்குள் நின்றது. சுற்றிலும் பருத்தி. மண்டபமும் இல்லை, மேளச் சத்தமும் இல்லை. நான் வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமலே, “சொல்லுங்க” என்றேன்.

“மண்டபம் பின்னால போயி அரை மணி நேரமாச்சு” என்றார்.