உச்சியில் ஒரு பணி நிறைவு விழா

ஒரு காட்டில், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு உயரமான மலை ஒன்று இருந்தது. அடிவாரம் முள்காடு, அங்கே மயில் தோகைராசு. நடுவில் குளிர்ந்த சோலை. அங்கே கருமந்தி சோலையப்பன். உச்சி வெறும் புல்வெளி. அங்கே வரையாடு கொம்பாயி. ஆளுக்கொரு குளிர், ஆளுக்கொரு தீனி என்று சண்டையில்லாமல் இருந்தார்கள்.

வெயில் கூடிக்கொண்டே போனது. சோலைக்குள் முள் ஏறியது, புல்வெளிக்குள் சோலை ஏறியது. வேறு யாராவது என்றால் பதறியிருப்பார்கள். இவர்களோ அடிவாரத்து வன அலுவலகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தே வளர்ந்தவர்கள். மேலே போவதென்றால் பதவி உயர்வு என்று நெல்லிக்காய் வழங்கிக் கொண்டாடினார்கள்.

கொம்பாயிக்கு மட்டும் பயம் பிடித்தது. வயிற்றில் குட்டி வேறு.

"ஏங்க, என் புல்லுக்குள்ள மரக்கன்னு நிக்குதே," என்றது.

"என் பிரமோஷன்மா அது," என்றது சோலையப்பன்.

"அப்ப நான் எங்க ஏறுறது?"

சோலையப்பன் அண்ணாந்து பார்த்தது. மேகம்தான் இருந்தது. "உங்களுக்குப் பணி நிறைவும்மா."

"எனக்கு நாலு வயசுதாங்க ஆகுது."

"வயசு கணக்கில்ல, உயரந்தான் கணக்கு."

"வெயில் குறையணும்னா யாருகிட்ட சொல்றது?"

"அது நம்ம செக்‌ஷன் இல்லம்மா."

விழா தடபுடலாக நடந்தது. உச்சியில் மிச்சமிருந்த புல்லையெல்லாம் பிடுங்கி மாலை கட்டி கொம்பாயி கழுத்தில் போட்டார்கள். தோகைராசு ஆடியது. சோலையப்பன் வாழ்த்துரையைத் தொடங்கியது, முடிப்பதாகத் தெரியவில்லை. கொம்பாயிக்கோ அகோரப் பசி. அம்மையார் எட்டாத உயரத்தையெல்லாம் எட்டியவர் என்று சோலையப்பன் நெகிழ்ந்தபோது அம்மையார் மாலையில் பாதியை மென்றிருந்தார். நன்றியுரைக்கு நார்தான் மிஞ்சியது.

மாலையோடு இறங்கினால்தான் பணி நிறைவு செல்லும் என்பது அலுவலக வழக்கம். அதனால் விழாவைத் தள்ளிவைத்து, பக்கத்து மலையிலிருந்து புல் கொண்டுவந்து மறுபடி மாலை கட்டினார்கள். அதையும் தின்றது. அடுத்ததையும் தின்றது. விழாக்களுக்கு நடுவே கொழுகொழுவென்று குட்டியும் பிறந்தது. அதுவும் இப்போது முன்வரிசையில் உட்காருகிறது.

ஒருநாள் சோலையப்பன் தற்செயலாகக் கீழே பார்த்தது. உச்சிக்கே ஏறிவிட்டிருந்த அதன் மரத்தடி வரை முள் வந்திருந்தது. தோகைராசு பாடிக்கொண்டே பூப்பறித்துக்கொண்டிருந்தது.

"யாருக்குப்பா மாலை?"

"உங்களுக்குத்தாண்ணே. இப்பவே வாழ்த்துகள்."

சோலையப்பன் சத்தமில்லாமல் கொம்பாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "ஏம்மா, மொதல்ல பூவைக் கடிக்கணுமா, நாரைக் கடிக்கணுமா?"

நீதி: மாலையோடு வருபவர்களிடம் கழுத்தை நீட்டாதீர்கள், வாயை நீட்டுங்கள்.