ஒன்றுக்கு மூன்று

இந்தக் காலத்துப் பையன்களுக்கு எதையும் நேரில் போய்ப் பார்க்க உடம்பு வணங்குவதில்லை. உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டுவிட்டு, உலகம் அதன்படி நடக்கவில்லையே என்று முழிக்கிறார்கள்.

கன்னியப்பன் வீட்டை ஒட்டிய அறையில் அப்படி முழித்துக்கொண்டிருந்தவன் இன்ஜினீயர் அருள்தாஸ். அவனுடைய விதைக் கம்பெனி அந்த அறையை வாடகைக்குப் பிடித்து, சுவரில் குளிர் மெஷின் ஒன்றைப் பதித்திருந்தது. கையில் ஓரமெல்லாம் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் காகிதம்.

"மெட்ராஸ்ல இந்த ரூமையே கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாச்சு, பெரியவரே. சுவர், ஓடு, மழை எல்லாம் இதுல இருக்கு. ஒரு பங்கு கரண்ட் குடுத்தா மூணு பங்கு சூட்டை வெளியே தள்ளணும். இங்க ரெண்டுதான் தள்ளுது."

"ஒண்ணு வாங்கிக்கினு மூணு குடுக்கறவன் உத்திரமேரூர்ல எவன் கீறான்? பித்தலாட்டம்!"

கன்னியப்பனுக்கு உள்ளூரச் சந்தோஷம். கணக்கு உதைத்தால் மெஷினைக் கழற்றிவிடுவான். ஐப்பசி அடைமழை, அவித்த நெல்லில் பாதி ஈரமாகக் கிடக்கிறது, பூஞ்சை பிடித்தால் போச்சு. அறை கிடைத்தால் பரப்பிவிடலாம். மறுபாதியை மனைவி செல்லம்மாள் எப்படியோ காயவைத்துவிட்டாள். கெட்டிக்காரி.

அருள்தாஸ் கதவிடுக்கில் சாக்கை அடைத்து மெஷினை முடுக்கினான். கணக்கு ஒன்றரைக்கு இறங்கியது.

"மெஷினோட பின்பக்கத்தைப் பாக்கணுமே."

"அது கொல்ல. பொம்பளைங்க பொழங்கற எடம். நானே கனைச்சிக்கினுதான் போவேன், நீ எங்க போற?"

"காத்தோட்டமா இருக்கா?"

"கீது, கீது. நீ கணக்கப் போடு."

இன்னும் முடுக்கினான். ஒன்றுக்கு ஒன்று என்றாகிவிட்டது.

"முடியல, பெரியவரே. நாளைக்கே லாரியில ஏத்திடறேன்." சோர்ந்துபோய் மெஷினை நிறுத்தினான்.

"அப்பாடா!" என்றார் கன்னியப்பன்.

நெல் வேலைக்கு வரும் காளியம்மாள் கொல்லையிலிருந்து ஓடிவந்தாள்.

"இன்னா நைனா, நிறுத்திப்புட்டீங்க? நம்ம நெல்லு பாதி காஞ்சதே அது வுடற சூட்டுலதான்! காலையிலேர்ந்து சூடு ஏற ஏற, மீதி நெல்லையும் மூங்கில் தட்டுல கொட்டி அது மூஞ்சிய மூடி அடுக்கிக்கினே கீறோம்!"

"மூஞ்சிய மூடினா சூடு எப்படி வெளியே போகும்? காத்தோட்டமா இருக்குன்னீங்களே!" என்று அருள்தாஸ் கன்னியப்பனைப் பார்த்தான்.

கன்னியப்பன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார்.

"குளுரு மெஷின்ல நெல்லு காயுதாம்! இது அத்தவுடப் பெரிய பித்தலாட்டம்."