கொசுவின் கை

மூன்றாவது அலறல் கேட்டதும், வரிசையின் கடைசியில் நின்ற இரண்டு பேர் சத்தம் காட்டாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"யோவ், ரத்தம் எடுக்கிறியா, கிணறு வெட்டுறியா?" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"மன்னிச்சுக்கங்க சார். நரம்பு நழுவிடுச்சு."

நழுவியது நரம்பு இல்லை, அவன் விரல். அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்குக் கொசு என்று பெயர். கேலிப் பெயர் இல்லை, பட்டம். குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுப்பான். ஒரு தடவு தடவினால் போதும், நரம்பு எங்கே ஓடுகிறது, எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்று விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். அந்த விரல்தான் இப்போது காலை வேளைகளில் மரக்கட்டையாகக் கிடந்தது.

எல்லாம் சைக்கிள் செய்த வேலை. சும்மா இருக்காமல் ஒருநாள் தன் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தான். கொழுப்பு கண்டபடி ஏறியிருந்தது. மனைவியிடம் உளறினான். மறுவாரமே வாசலில் சைக்கிள் நின்றது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது கழுத்து பிடித்திருக்கும், தோள் எரியும், கை இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேடம் கூப்பிட்டு அனுப்பினார்.

கூடத்தின் தலைமை டாக்டர் அவர். எல்லாருக்கும் சிம்ம சொப்பனம். ஒருமுறை கொதிக்கிற டீ அவர் இடது கையில் கவிழ்ந்ததாம். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் போட்டு முடித்துவிட்டுத்தான் துணி கேட்டாராம். மனசு மட்டுமில்லை, உடம்பும் கல் என்று ஊழியர்கள் பேசிக்கொள்வார்கள்.

"இன்னும் ஒரு புகார் வந்தா உங்களைப் பிணவறைக்கு மாத்திடுவேன். அங்க யாரும் கத்த மாட்டாங்க" என்றார்.

அவர் சிரிக்கவில்லை.  இத்தனை வருஷத்தில் பிணவறைக்குள் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறான், அப்பாவை அடையாளம் காட்ட. அந்தக் குளிர் இன்னும் முதுகில் இருந்தது. அந்தக் கதவுக்குள் தினமும் போய்வர அவனால் ஆகாது.

வீட்டில் மச்சான் காத்திருந்தான். மனைவியின் தம்பி. வேலை எதுவும் இல்லாததால் எல்லா வேலையும் தெரிந்தவன்.

"மாமா, நீங்க ஹேண்டிலைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க. லூசா விடுங்க."

லூசாக விட்டான். முதல் பள்ளத்திலேயே கை நழுவி, நெஞ்சு போய் ஹேண்டிலில் மோதியது. அன்று நெஞ்சுவலியும் சேர்ந்துகொண்டது.

"அப்ப ஹேண்டிலை ஒசத்தணும்" என்றான் மச்சான்.

உயர்த்தினார்கள். அதுவரை சுண்டுவிரல் பக்கமே அதிகமாக இருந்த மரப்பு, இடம் மாறிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் வந்தது. சுண்டுவிரல் இல்லாமல் பிழைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு விரலும்தான் அவன் பிழைப்பே. அன்று ஓர் அம்மாள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனார்.

"சீட்டு முன்பக்கம் கொஞ்சம் தணிஞ்சா சரியாப் போயிடும். நான் வீடியோல பாத்தேன்."

"டேய், நிஜமாத்தான் சொல்றியா?"

"என்னை நம்புங்க மாமா."

நம்பினான். வழிநெடுக வழுக்கி வழுக்கி முன்னால் வந்தான். உடம்பின் மொத்தப் பாரமும் மணிக்கட்டில் உட்கார்ந்தது. கழுத்து இறுகி, இடமும் பார்க்க முடியவில்லை, வலமும் பார்க்க முடியவில்லை. சிக்னலில் கையை உதறினான். ஏறத்தான் கைகாட்டுகிறான் என்று ஒரு பஸ் நின்றது. டிரைவர் அவன் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனார்.

மனைவிக்குப் பாவமாக இருந்தது. பழைய தலையணையைக் கிழித்து, ஹேண்டிலின் இரண்டு பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

"மெத்துனு இருக்கா?"

இருந்தது. பிரேக்தான் எட்டவில்லை. இறக்கத்தில் வேகம் பிடித்து, முன்னால் போன பிண வண்டியின் பின்கதவில் மோதித்தான் நின்றான்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஏன்யா அவசரப்படுற? நேரம் வந்தா நாங்களே வீட்டுக்கு வருவோம்ல?"

அன்று அவன் கையில் ஊசியைப் பார்த்ததுமே ஒருவர் மயங்கி விழுந்தார். புகார் போய்ச் சேர்ந்தது.

"நாளைக்கு எனக்கு ரத்தம் எடுக்கணும். நீங்களே எடுங்க" என்றார் மேடம். "எனக்கு வலிச்சா, ஊசியை வெச்சுட்டு நேரா கீழ போயிடுங்க."

கீழே என்றால் பிணவறை.

மறுநாள் சைக்கிளைத் தொடுவதில்லை என்று பஸ்ஸுக்கு நின்றான். பஸ் வந்தது, அவனைப் பார்த்ததும் வேகமெடுத்துப் போய்விட்டது. அதே டிரைவர். திரும்ப வீட்டுக்கு ஓடி, பஞ்சைப் பிய்த்தெறிந்துவிட்டு, சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தபோது இரண்டு கையும் யாருடையதோ போல் தொங்கின. வெந்நீரில் முக்கினான். சூடுகூடத் தெரியவில்லை.

மேடம் ஜன்னல் வழியாக சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்து உட்கார்ந்து வலது கையை நீட்டினார். ஊசியின் உறையைக்கூடக் கழற்ற முடியாமல் அவன் விரல்கள் தடுமாறுவதைப் பார்த்தார்.  பிறகு வலது கையை மடக்கிக்கொண்டு இடது கையை நீட்டினார்.

தடவினான். ஒன்றும் அகப்படவில்லை. குத்துமதிப்பாகக் குத்தினான். ரத்தம் வரவில்லை. உள்ளேயே ஊசியை இப்படியும் அப்படியும் நகர்த்தினான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. அப்பாவின் கால் கட்டைவிரலில் கட்டியிருந்த அட்டை நினைவுக்கு வந்தது. தன் கதை முடிந்தது என்று நினைத்தபோது, குழாயில் சிவப்பு ஏறியது.

மேடம் ஏதோ காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மேடம்... வலிச்சுதா?"

"அதுக்குள்ள குத்திட்டீங்களா?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"போய் வேலையைப் பாருங்க. உங்க சைக்கிள் சீட்டு முன்பக்கம் சாஞ்சிருக்கு. மட்டமா வைங்க, இல்லேன்னா பாரமெல்லாம் கையிலதான் இறங்கும். முழங்கையை விறைக்காம கொஞ்சம் மடக்கி ஓட்டுங்க. சரியாயிடும்."

இவருக்கு எப்படி சைக்கிளைப் பற்றித் தெரியும் என்று யோசிக்கக்கூட அவனுக்கு நேரமில்லை. தாழ்வாரத்துக்கு ஓடி மனைவிக்குப் போன் போட்டான். "கை திரும்ப வந்துடுச்சு! குத்துனதே தெரியலையாம்! நான் பழையபடி கொசுதான்!"

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்து பார்த்தார். டீ கொட்டிய அன்று மேடத்துக்கு மருந்து போட்டுவிட்டவர் அவர்தான்.

"எந்தக் கையில எடுத்த தம்பி?"

"இடது கையில. ஏன் ஆயாம்மா?"

"சின்ன வயசுல சைக்கிள்லேருந்து விழுந்ததுல, அந்தக் கையில நெருப்பை வெச்சாலும் அவங்களுக்குத் தெரியாதே, ரத்தம் எடுக்கன்னா யாருக்கும் வலது கையைத்தானே நீட்டுவாங்க!"